மில்லிகன் எண்ணெய்த் துளிக் கருவி: கல்லூரி லேப்புக்கு வாங்கலாமா?

அணுக் கொள்கை வளர்ந்த கதையைப் பாடமாக நடத்தும் இயற்பியல் துறைக்கு ஒரே ஒரு கருவி வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், எண்ணெய்த் துளிக் கருவியை வாங்கலாம். டால்டன் 1808-ல் அணு எடைகளைப் பற்றி எழுதியபோது ஓர் அணுவின் உண்மையான எடை யாருக்கும் தெரியாது. ஹைட்ரஜனை ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிட்டார்கள். 1897-ல் கேம்பிரிட்ஜில் ஜே. ஜே. தாம்சன் அளந்ததும் ஒரு விகிதம்தான், மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம். எலக்ட்ரானின் மின்னூட்டம் நம்பத்தக்க துல்லியத்தோடு தனி எண்ணாகக் கிடைத்தது 1909 முதல் 1913 வரை சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் செய்த சோதனையில். மின்னூட்டம் பெற்ற ஒரு சிறு எண்ணெய்த் துளி காற்றில் விழும் வேகத்திலிருந்து அதன் எடையும், அதைத் தூக்கி நிறுத்தத் தேவையான மின்னழுத்தத்திலிருந்து அதன் மின்னூட்டமும் கிடைக்கும். அந்த எண் கைக்கு வந்ததும் அதுவரை விகிதமாகவே இருந்தவற்றை எல்லாம் கிராமில் சொல்ல முடிந்தது. அதே சோதனையை ஒரு மேசை மேல் வைத்துச் செய்ய முடிகிறது என்பதே இந்தக் கருவியின் பெருமை.

ஆனால் பல கல்லூரிகளில் இது ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கும், அலமாரியைவிட்டு வெளியே வராது. 'ரீடிங் சரியா வராது' என்று பெயர் எடுத்த கருவி இது. பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. கூடவே வரும் கையேட்டிலும், எந்தத் துளியைப் பிடிக்கிறோம் என்பதிலும்தான் கோளாறு.

சந்தையில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் நுண்ணோக்கிக் குழாய் வழியாக நேரடியாகக் கண் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகையில் சிசிடி கேமரா பொருத்தி, துளிகளைத் திரையில் காட்டுவார்கள். இரண்டிலும் நடுப்பகுதி ஒன்றுதான்: வட்டமான இரண்டு பித்தளைத் தட்டுகள், இடையே சுமார் 5 மி.மீ. இடைவெளி, மேல் தட்டின் நடுவில் ஊசித்துளை, அதற்கு மேலே எண்ணெய் தெளிக்கும் சிறு அறை. பக்கவாட்டில் எல்இடி விளக்கு. தட்டுகளுக்கு 0 முதல் 600 வோல்ட் வரை நேர்திசை (டிசி) மின்னழுத்தம். கீழே மூன்று மட்டத் திருகுகள், ஒரு ரசமட்டம். கேமரா வகையில் 'சமநிலை', 'மேலேற்று', 'சுழி' என்று மூன்று நிலை ஸ்விட்சும், அதோடு இணைந்த ஸ்டாப் வாட்சும் இருக்கும்.

இரண்டில் கேமரா வகையே மேல். ஒரு துளியை அரை நிமிடம் இமைக்காமல் பார்ப்பது கண்ணுக்குப் பெரும் சிரமம். திரை இருந்தால் ஒரு குழுவே சேர்ந்து பார்க்கும். துளி மாறிப்போனால் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். நுண்ணோக்கி வகையில் பிம்பம் தலைகீழாகத் தெரியும் என்பதால் விழும் துளி ஏறுவதுபோல் தோன்றி, முதல் நாளே மாணவர்களைக் குழப்பும். விலை குறைவு என்பதைத் தவிர அதை வாங்கக் காரணம் இல்லை.

கேமரா வகையில் ஒரு ஆபத்து உண்டு. திரையில் தெரியும் அளவுக்கோடுகள் கண்ணாடியில் செதுக்கியவை அல்ல. மின்னணு முறையில் வரைந்தவை. கேமராவின் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் 2 மி.மீ. என்று கையேடு சொல்வது 1.9 ஆகவோ 2.1 ஆகவோ இருக்கும். மின்னூட்டக் கணக்கில் விழும் வேகம் ஒன்றரை அடுக்கில் வருகிறது. ஆக, அளவுகோலில் 5 விழுக்காடு பிழை விடையில் 7.5 விழுக்காடாகப் பெருகும். பெட்டியைப் பிரித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இதைச் சரிபார்ப்பது. மெல்லிய தாமிரக் கம்பி ஒன்றின் விட்டத்தைத் திருகு அளவியில் பல இடங்களில் அளந்து சராசரி எடுக்கவும். மின்னழுத்தத்தைச் சுழியாக்கி, ஸ்விட்சை அணைத்த பிறகு, கம்பியை ஊசித்துளை வழியாக இறக்கிக் குவியம் செய்து, அது திரையில் எத்தனை பிரிவை மறைக்கிறது என்று பார்க்கவும். அளவுகோலின் உண்மை மதிப்பு கிடைத்துவிடும். நுண்ணோக்கிக்கான அளவுச் சில்லு லேபில் இருந்தால் இன்னும் நல்லது. கம்பியை எடுத்த பிறகுதான் மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். மறந்தால் இரண்டு தட்டுகளும் குறுக்குச்சுற்றாகிவிடும்.

இரண்டாவது, மின்னழுத்தமானி. கருவியின் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் நல்ல மல்டிமீட்டரால் 100, 250, 500 வோல்ட்டில் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஒரு தாளில் எழுதிக் கருவி மேலேயே ஒட்டி வைக்கலாம். மூன்றாவது, தட்டுகளின் இடைவெளி. இடையில் இருக்கும் பிளாஸ்டிக் வளையத்தை வெளியே எடுக்க முடிகிற மாடல் என்றால் அதன் தடிமனை நேரடியாக அளக்கவும். எடுக்க முடியாதபடி ஒட்டி வரும் மாடல்களைத் தவிர்ப்பது நல்லது. சுத்தம் செய்யவும் வழி இருக்காது.

இனி துளி பிடிக்கும் வேலை. தெளிப்பானை ஒரே ஒரு முறை, மெதுவாக அழுத்தினால் போதும். நாலைந்து முறை அழுத்தினால் திரை முழுக்கப் பனிமூட்டமாகிவிடும், ஊசித்துளையும் எண்ணெயால் அடைபட்டுப் போகும். தெளித்ததும் சமநிலை மின்னழுத்தத்தை 250 வோல்ட் அளவில் வைத்துக் காத்திருக்கவும். பெரும்பாலான துளிகள் சரசரவென்று விழுந்தோ ஏறியோ ஒழிந்துபோகும். அப்படியே நிற்பதுபோல் மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுதான் நமக்கு வேண்டியவை. அவற்றில் ஒன்றை மின்னழுத்தம் மாற்றி முழுவதுமாக நிறுத்தி, மேல் கோட்டுக்கு ஏற்றி, மின்புலத்தை அணைத்து, 2 மி.மீ. விழ எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும். மின்புலத்தை உடனே போட்டு அதே துளியை மறுபடி ஏற்றி, ஐந்தாறு முறை அளக்கலாம்.

'துளி முற்றுத்திசைவேகம் அடையக் கொஞ்சம் தூரம் விடவும்' என்று கையேடுகள் எழுதுகின்றன. காற்றின் தடையால் விழும் வேகம் மேலும் கூடாமல் நிலைத்து நிற்பதுதான் முற்றுத்திசைவேகம். இந்த அளவுத் துளி அதை அடைய சில பத்து மைக்ரோ விநாடி போதும். ஆரம்பக் கோட்டுக்கு மேலே கொஞ்சம் இடம் விடுவது நல்லதுதான். ஸ்விட்சுக்கும் விரலுக்கும் உள்ள தாமதம் அதில் கரைந்துவிடும்.

எந்தத் துளி என்பதுதான் இந்தச் சோதனையின் உயிர்நாடி. கனிம எண்ணெய், அடர்த்தி கன மீட்டருக்கு 886 கிலோ, அறை வெப்பநிலை 30 டிகிரி, தட்டு இடைவெளி 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 மி.மீ. விழ 30 விநாடி எடுக்கும் துளியின் ஆரம் சுமார் 0.76 மைக்ரோமீட்டர். அதில் கூடுதலாக ஒரு எலக்ட்ரான் மட்டும் இருந்தால் 504 வோல்ட்டில் நிற்கும். இரண்டு இருந்தால் 252, மூன்று இருந்தால் 168. இதுவே 20 விநாடியில் விழும் துளி என்றால் ஒற்றை எலக்ட்ரானுக்கு 950 வோல்ட் வேண்டும். கருவியில் அவ்வளவு கிடையாது. இரண்டுக்கு 476, மூன்றுக்கு 317. எனவே 20 முதல் 35 விநாடிக்குள் விழ வேண்டும், 150 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைக்குள் வரும் துளி கிடைக்கும்வரை பொறுமையாக இருந்தால் எலக்ட்ரான் எண்ணிக்கை ஆறைத் தாண்டாது.

சுலபமாகப் பிடிபடுவது 8, 10 விநாடியில் விழும் கொழுத்த, பளிச்சென்ற துளி. மாணவர்கள் அதைத்தான் பிடிப்பார்கள். அதில் பத்துப் பன்னிரண்டு எலக்ட்ரான் இருக்கலாம். பன்னிரண்டு எலக்ட்ரானின் மின்னூட்டம் 19.2, இங்கும் கீழேயும் மின்னூட்ட எண்கள் எல்லாம் 10⁻¹⁹ கூலூமில். அளவீட்டில் 5 விழுக்காடு பிழை என்றாலும் கிட்டத்தட்ட 1 கூடக் குறைய வரும். அடுத்தடுத்த இரண்டு முழு எண்களுக்கு இடையே உள்ள தூரமே 1.6 தான். அந்தத் துளி பதினொன்றா, பன்னிரண்டா, பதின்மூன்றா என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு எலக்ட்ரான் துளியில் அதே 5 விழுக்காடு வெறும் 0.32. அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை.

இங்கேதான் கையேடுகள் மேல் வரும் கோபம். கிடைத்த மின்னூட்டத்தை 1.6-ஆல் வகுத்து, வரும் விடையை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மறுபடி அந்த முழு எண்ணால் மின்னூட்டத்தை வகுத்து 'எலக்ட்ரானின் மின்னூட்டம்' கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். விடையை முதலிலேயே கணக்குக்குள் போட்டுவிட்டு அதையே வெளியே எடுப்பது இது. பெரிய துளியாக இருந்தால் எந்தத் தவறான ரீடிங்கும் இந்த வழியில் 1.6-க்கு அருகேதான் வந்து நிற்கும். ரெக்கார்டு நோட்டில் அழகாக இருக்கும், அளந்தது எதுவுமில்லை. மின்னூட்டம் துண்டு துண்டாகத்தான் வரும் என்பதை நிறுவுவதற்கென்றே வடிவமைத்த சோதனையில், அந்த முடிவையே முன்கூட்டி எடுத்துக்கொள்வது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

சரியான வழி எளிது. துளிகளின் மின்னூட்டங்களை ஏறுவரிசையில் ஒரு கோட்டில் குறிக்கவும். உதாரணமாக 1.57, 3.15, 3.27, 4.86, 6.30 என்று ஐந்து துளிகள் கிடைத்ததாகக் கொள்வோம். கொத்துக் கொத்தாக நிற்பது கண்ணுக்கே தெரியும். கொத்துகளுக்கு இடையிலான தூரம் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. மிகச் சிறிய மின்னூட்டமும் அதே அளவு. அப்படியானால் இவை 1, 2, 2, 3, 4 மடங்கு. ஐந்தையும் கூட்டினால் 19.15, மடங்குகளின் கூட்டல் 12. வகுத்தால் 1.596. இதில் வெளியிலிருந்து வந்த எண் ஒன்றுகூட இல்லை. இருபது துளிகளாவது எடுத்தால் இந்தக் கொத்துகள் மறுக்க முடியாதபடி தெரியும். ஒரு குழுவால் ஒரு பிராக்டிகல் வகுப்பில் முடியாது. வகுப்பு முழுவதன் ரீடிங்கையும் ஒரே தாளில் சேர்த்தால் முடியும்.

சேர்க்கும்போது பிடிக்காத ரீடிங்கைத் தூக்கிப் போடக் கூடாது. மில்லிகனின் 1913 கட்டுரையில் 58 துளிகள் இருந்தன. தேர்ந்தெடுத்தவை அல்ல, எடுத்தவை அனைத்தும் என்று அதில் எழுதினார். பிற்காலத்தில் அவருடைய நோட்டுப் புத்தகங்களைப் படித்தவர்கள், அளந்தது அதைவிட மிக அதிகம் என்று கண்டார்கள். விட்டவற்றைச் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறியிருக்காது, ஆனாலும் அந்த வரி இன்றுவரை விவாதமாக இருக்கிறது. ஒரு துளியை விட வேண்டுமானால் காரணத்தை விடை கணக்கிடும் முன்பே எழுத வேண்டும்: குவியம் போய்விட்டது, இடையில் மின்னூட்டம் மாறிவிட்டது, இன்னொரு துளியோடு மோதியது.

கணக்கில் மூன்று இடங்களில் வழுக்கும். முதலாவது, கன்னிங்ஹாம் திருத்தம். துளியின் ஆரத்தோடு ஒப்பிட்டால் காற்று மூலக்கூறுகளின் மோதலிடைத் தூரம் (ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே மூலக்கூறு போகும் சராசரித் தூரம்) ஒதுக்கிவிடக்கூடிய அளவில் இல்லை, அதனால் காற்றின் தடையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் விதி அப்படியே பொருந்தாது. மேலே சொன்ன 30 விநாடித் துளிக்கு இந்தத் திருத்தத்தை விட்டுவிட்டால் விடை 16 விழுக்காடு கூடி, 1.60-க்குப் பதில் 1.86 வரும். யாருடைய நோட்டிலாவது 1.8-ஐ ஒட்டிய எண் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். திருத்தத்தில் காற்றழுத்தமும் வருகிறது. கடற்கரை ஊர்களில் 101 கிலோபாஸ்கல் சரி. ஊட்டியில் அழுத்தம் சுமார் 78 தான். கையேட்டின் எண்ணையே அங்கேயும் போட்டால் விடையில் 4 விழுக்காடு பிசகும்.

இரண்டாவது, காற்றின் பாகியல் எண், அதாவது அதன் பிசுப்பின் அளவு. கையேடு 20 டிகிரிக்கான மதிப்பைத் தரும். நம் லேபுகளில் மே மாதம் 34 டிகிரி சாதாரணம். வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் விடையில் 0.4 விழுக்காடு வித்தியாசம். பதினான்கு டிகிரிக்கு ஐந்தரை விழுக்காடு. 30 டிகிரிக்கு 1.86 × 10⁻⁵ பாஸ்கல் விநாடி என்று வைத்துக்கொண்டு டிகிரிக்கு 0.005 × 10⁻⁵ கூட்டியோ குறைத்தோ கொண்டால் போதும். மில்லிகனே சறுக்கிய இடம் இது. காற்றின் பாகியல் எண்ணைக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொண்டதால் அவருடைய விடை 1.592 என்று வந்தது. இன்றைய மதிப்பு 1.602176634, 2019-ல் அலகு முறையைத் திருத்தியபோது இது மாறாத எண்ணாக நிர்ணயிக்கப்பட்டது. துளி பிடித்ததில் பிழை இல்லை, காற்றின் எண்ணில்தான் பிழை.

மூன்றாவது, எண்ணெயின் அடர்த்தி. கருவியோடு வந்த குப்பி தீர்ந்ததும் கையில் கிடைத்ததை ஊற்றுவார்கள், கணக்கில் பழைய அடர்த்தியே நீடிக்கும். சில கையேடுகளில் 981 என்று இருக்கும். ஊற்றியது 860 அடர்த்தி உள்ள கனிம எண்ணெய் என்றால் விடை 6 விழுக்காடு குறையும். ஒப்படர்த்திக் குப்பி எல்லா லேபிலும் இருக்கிறது, பத்து நிமிட வேலை. சமையல் எண்ணெய் வேண்டாம். காலப்போக்கில் பிசுபிசுத்து ஊசித்துளையை அடைக்கும். மில்லிகன் முதலில் நீர்த்துளிகளோடு போராடி, அவை ஆவியாகிக்கொண்டே இருந்ததால்தான் எண்ணெய்க்கு மாறினார். ஆவியாகாத, அடர்த்தி தெரிந்த எண்ணெய் என்பதே தகுதி. அதே காலத்தில் வியன்னாவில் ஃபெலிக்ஸ் எரன்ஹாஃப்ட் உலோகத் துகள்களை வைத்து அளந்து, எலக்ட்ரானைவிடச் சிறிய மின்னூட்டங்கள் இருப்பதாக வாதாடினார். துகளின் வடிவமும் அடர்த்தியும் உறுதியாகத் தெரியாவிட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அது நல்ல பாடம்.

ஓடும்போது வரும் தொல்லைகளில், துளி பக்கவாட்டில் நகர்ந்தால் தட்டு மட்டமாக இல்லை. ரசமட்டத்தைப் பார்த்துத் திருகுகளைச் சரிசெய்யவும். மின்விசிறியும் ஏசி காற்றும் நேராக மேசைமேல் படக் கூடாது. அறைக்குள் காற்றோட்டம் எழுந்தால் எந்த ரீடிங்கும் நிற்காது. மில்லிகன் தன் கருவி முழுவதையும் எண்ணெய்த் தொட்டிக்குள் மூழ்கடித்து வைத்தது இதற்காகத்தான். பழைய ஆலஜன் விளக்கு மாடல்கள் சூடேற்றித் தொல்லை தரும். எல்இடி மாடலே வாங்கவும். தெளித்தும் துளியே வரவில்லை என்றால் ஊசித்துளை அடைத்திருக்கிறது: மின்சாரத்தைத் துண்டித்து, மெல்லிய கம்பியால் நீக்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கவும். பிளாஸ்டிக் வளையத்தில் ஆல்கஹால் படக் கூடாது, வெடிப்பு விடும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் தட்டுகளைத் துடைத்து வைக்கும் லேப் உதவியாளர் இருக்கும் துறையில் இந்தக் கருவி பல ஆண்டு உழைக்கும்.

நிறுத்திய துளி முழுவதும் அசையாமல் நிற்காது. பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டே இருக்கும். கருவியின் கோளாறு என்று பலர் நினைப்பது இதைத்தான். அது பிரௌனியன் இயக்கம். காற்று மூலக்கூறுகள் துளியை எல்லாப் பக்கமும் சமமில்லாமல் இடிப்பதால் வருவது. 30 விநாடியில் அது துளியை 0.03 மி.மீ. அளவுக்கு மேலோ கீழோ தள்ளும், 2 மி.மீ. தூரத்துக்கு ஒன்றரை விழுக்காடு. பலமுறை அளந்து சராசரி எடுப்பது இதற்காகவே. 1905-ல் ஐன்ஸ்டைன் இந்தத் துடிப்புக்குக் கணக்கு எழுதினார். 1908-ல் பாரிஸில் ஜீன் பெரின் அதை அளந்தார். அணுவே கற்பனை என்று வாதிட்டுவந்த வேதியியலாளர் ஓஸ்ட்வால்ட் மனம் மாறியது அந்தக் காலத்தில்தான். திரையில் துளி துடிக்கும்போது ஆசிரியர் ஒரு நிமிடம் வகுப்பை நிறுத்தி இதைக் காட்டினால், அணு இருப்பதற்கான சாட்சியை மாணவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

இதற்கு அடுத்து வாங்க நினைப்போருக்குச் சில குறிப்புகள். தாம்சனின் விகிதத்தை அளக்க, சட்டக் காந்தங்களும் கேத்தோடு கதிர்க் குழாயும் வைத்த பழைய வகை வேண்டாம். வாயு நிரப்பிய குழாயும், சீரான காந்தப்புலம் தரும் இரட்டைக் கம்பிச் சுருளான ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளும் உள்ள வகையே நன்று. கற்றை வட்டமாக வளைவது கண்ணுக்குத் தெரியும். 130 சுற்று, 15 செ.மீ. ஆரம் உள்ள சுருளில் 1.2 ஆம்பியர், 200 வோல்ட் என்றால் வட்டத்தின் ஆரம் 5.1 செ.மீ. வர வேண்டும். தமிழ்நாடு காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் பூமியின் காந்தப்புலம் இங்கே கிட்டத்தட்ட முழுக்கக் கிடைமட்டம், சுமார் 40 மைக்ரோடெஸ்லா. சுருளின் அச்சை வடக்கு-தெற்காக வைத்தால் விடையில் 8, 9 விழுக்காடு பிழை ஏறும். கிழக்கு-மேற்காக வைத்தால் போதும். வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது.

அணு ஆற்றலைக் குறிப்பிட்ட அளவுகளில்தான் ஏற்கும் என்று காட்டும் ஃபிராங்க்-ஹெர்ட்ஸ் கருவியில் ஆர்கான் குழாய் வாங்கவும். 1914-ல் அவர்கள் பயன்படுத்திய பாதரசத்துக்கு 170 டிகிரி அடுப்பு வேண்டும், குழாய் உடைந்தால் பாதரசம் வேறு. ஆர்கானில் மின்னோட்ட உச்சிகளின் இடைவெளி 11.5 வோல்ட்டை ஒட்டி வரும். முதல் உச்சியின் இடத்தை எடுக்காமல் உச்சிகளுக்கு இடையே உள்ள தூரத்தையே எடுக்க வேண்டும். ஹைட்ரஜன் நிறமாலைக்கு நிறமாலைமானியும் அங்குலத்துக்கு 15,000 கோடு உள்ள கீற்றணியும் இருந்தால் போதும், சிவப்பு 22.8 டிகிரியிலும் நீலப்பச்சை 16.7 டிகிரியிலும் தெரியும். ஹைட்ரஜன் குழாய்க்கு ஆயுள் குறைவு, அரை நிமிடம் எரியவிட்டு அரை நிமிடம் அணைக்க வேண்டும். ரூதர்ஃபோர்டின் தங்கத் தகடு சோதனைக்கு ஆல்ஃபா மூலம் தேவை. அதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வாங்க வேண்டும், பாதுகாப்பாக வைக்கவும் ஏற்பாடு வேண்டும். இளங்கலை லேபுக்கு அது பெரிய சுமை.

இவற்றைவிட மலிவான துணை, ஏற்கெனவே லேபில் தூசி படிந்திருக்கும் தாமிர வோல்டாமீட்டர் (தாமிரக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, படியும் தாமிரத்தை எடை போடும் கருவி). 1 ஆம்பியரை 30 நிமிடம் செலுத்தினால் எதிர்மின்வாயில் 0.593 கிராம் தாமிரம் படியும். அதிலிருந்து ஒரு மோல் எலக்ட்ரானின் மின்னூட்டம், ஏறத்தாழ 96,500 கூலூம், கிடைக்கும். அதை எண்ணெய்த் துளிக் கருவி தந்த எண்ணால் வகுத்தால் அவகாட்ரோ எண், அதாவது ஒரு மோலில் உள்ள துகள்களின் எண்ணிக்கை. மில்லிகனின் 1913 கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண்ணும் இருக்கிறது. இரண்டு பிராக்டிகலையும் அடுத்தடுத்த வாரங்களில் வைக்கலாம்.

ஆர்டர் கொடுக்கும்போது கொட்டேஷனில் நான்கு விஷயங்களை எழுதிக் கேட்கவும்: தட்டும் வளையமும் கழற்றக்கூடியவையா, எண்ணெயின் அடர்த்தி குப்பியில் அச்சிட்டிருக்கிறதா, மின்னழுத்தம் 500 வோல்ட்டைத் தாண்டுமா, உதிரித் தெளிப்பான் ஒன்று சேர்த்துத் தருவார்களா. தெளிப்பானின் கண்ணாடி முனைதான் முதலில் உடையும். சப்ளை செய்பவர் நேரில் வந்து பொருத்தும்போது, அவர் கையாலேயே 25 விநாடிக்கு மேல் விழும் ஒரு துளியைப் பிடித்து நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டிய பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.